பேணுவார் யார்? லினக்ஸ் கொன்சோல் வரைகலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குளத்தைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டிலே நிற்கின்றது. ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் அதன் கட்டினைச் சீர்செய்த குடிகளின் பெயர் எங்கும் இல்லை. குளத்துக்கு மாத்திரமன்று, மனிதன் ஆக்கிய பெரும்பாலான பொருள்களுக்கும் இந்நியாயமே பொருந்தும். ஆக்கியவர்க்கு வரலாறு உண்டு. காத்தவர்க்கு வரலாறு இல்லை. கணினித் துறை நேற்றுப் பிறந்தது. எனினும் அதன் வரலாற்றையும் நாம் இவ்வாறே எழுதத் தொடங்கிவிட்டோம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே, சாளரங்களின் துணையின்றிக் கொன்சோலில் நேரே படம் வரைவதற்கென எழுந்த பழைய நிரலகங்கள் இன்றும் பேணப்படுகின்றனவா என்பதே எமது வினா. ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம் போலத் தோன்றும். ஆயின் அவ்விடைக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கால உழைப்பின் கதை ஒன்று கிடக்கின்றது. யார் உழைத்தனர், யாருக்காக உழைத்தனர், எப்போது கைவிட்டனர், ஏன் கைவிட்டனர் என்பவற்றை அக்கதையிலேதான் காணலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியை இயக்கியதும் கரிய திரையிலே வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றனவே, அதுவே கொன்சோல். பல செய்நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் செயற்கூறுகளின் தொகுதி நிரலகம். மென்பொருள் இரும்பன்று; அது துருப்பிடிப்பதில்லை. 1993 இல் எழுதிய நிரல் இன்றும் ஓர் எழுத்தும் தேயாது அப்படியே இருக்கும். எனினும் அதைச் சுற்றியுள்ள உலகம் நிற்பதில்லை. வன்பொருள் மாறுகின்றது, முறைமையின் கருவாகிய கேர்னல் மாறுகின்றது, புதிய பாதுகாப்புக் குறைகள் வெளிப்படுகின்றன. ஓடும் உலகத்தோடு நிரலையும் நடக்கச் செய்யும் உழைப்பையே பேணல் என்கின்றோம். அவ்வுழைப்பு நின்ற அன்றே நிரலின் முதுமை தொடங்குகின்றது.

1983 இல் றிச்சட் ஸ்டோல்மன் குனூ இயக்கத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் அடிக்கோட்பாடு. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 386 கணினியிலே எழுதிய கேர்னலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அது குனூவின் பொது உரிமத்தின்கீழ் வந்தது. பெரு நிறுவனங்களின் விலையுயர்ந்த யுனிக்ஸ் முறைமைகளுக்கு எட்டாத தொலைவில் நின்ற மாணவர்க்கும் சிறு ஆய்வாளர்க்கும் இது பெரியதொரு கதவைத் திறந்துவிட்டது.

அம்மாணவர்களின் மேசையிலிருந்த இயந்திரங்கள் எத்தகையவை? 4 மெகாபைற்று நினைவகம் கொண்ட கணினியே அன்று பலர்க்கு வாய்த்தது. சாளரங்களை வழங்கும் எக்ஸ் முறைமையை அதில் ஏற்றினால் இயந்திரம் மூச்சுத் திணறும். ஆதலின் கொன்சோலிலேயே நேரே படம் வரையும் வழி தேவைப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் அறிமுகஞ் செய்த வி.ஜி.ஏ. எனும் திரை முறைக்கென டொமி பிரான்ட்சன் ஒரு சிறு நிரலகத்தை எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு ஹாம் ஹனமையர் எஸ்விஜிஏலிப் என்னும் நிரலகத்தை ஆக்கினார். வறுமையே இதன் தாய் எனக் கூறின் அது மிகையாகாது. வசதி படைத்தோரின் இயந்திரத்துக்கு இது தேவைப்பட்டதேயில்லை.

இவ்வாக்கத்தின் கடினத்தை இன்றுள்ளோர் எளிதில் உணரார். வி.ஜி.ஏ. ஒரு பொது அளவுகோலாயிருந்தது. அதற்கு மேற்பட்ட நிறங்களையும் நுணுக்கத்தையும் தந்த அட்டைகளோ உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபட்டன. செங், சிரஸ், டிரைடென்ட், எஸ்3 என ஒவ்வொன்றுக்கும் உள்ளமைப்பு வேறு. அவ்வுள்ளமைப்பைப் பற்றிய விவரங்களை எல்லா நிறுவனங்களும் தாராளமாகத் தரவில்லை. எனவே அட்டை அட்டையாக, சோதனை சோதனையாக, தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பாலேயே ஆதரவு சேர்க்கப்பட்டது. சந்தையிலே போட்டியிட்ட நிறுவனங்கள் பிரித்துவைத்ததை ஊதியமற்ற உழைப்பு ஒன்றுசேர்த்தது. 1994 இல் டூம் என்ற புகழ்பெற்ற விளையாட்டு லினக்ஸுக்கு வந்தபோது எக்ஸ் முறைமைக்கு ஒரு வடிவமும் எஸ்விஜிஏலிப்புக்கு ஒரு வடிவமும் வந்தன. படம் பார்க்கும் சிறு நிரல்கள் பலவும் இதனைப் பற்றியே எழுந்தன.

ஆயினும் இந்நிரலகத்தின் வயிற்றிலேயே ஒரு முரண்பாடு இருந்தது. திரை அட்டையை நேரே தொட வேண்டுமாயின் செய்நிரலுக்கு முழு நிருவாக அதிகாரம் வேண்டும். ஒரு படத்தைக் காட்டுவதற்காக முழு இயந்திரத்தின் திறவுகோலையும் கையளிப்பதற்கு இது ஒப்பாகும். அச்செய்நிரலில் ஒரு பிழை இருப்பின் அதன்வழியே எவரும் உட்புகலாம். அன்றியும், நிரல் இடைநடுவே வீழ்ந்தால் திரை உருக்குலைந்து கிடக்கும், விசைப்பலகை பணியாது. எழுத்துத் திரையின் நிலையைச் சேமித்து வைத்து மீட்டெடுப்பதற்கென்றே தனிக் கருவிகளை இந்நிரலகத்தோடு சேர்த்து வழங்கினர் என்பது அந்நாளைய நிலையை நன்கு விளக்கும்.

வன்பொருளை ஆளும் பொறுப்பு செய்நிரலிடம் இருத்தலாகாது, கேர்னலிடமே இருத்தல் வேண்டும் என்ற கருத்து இந்நிலையிலே தோன்றியது. 1990களின் நடுவிலே ஜி.ஜி.ஐ. என்னும் திட்டத்தைத் தொடங்கிய இளைஞர்கள் இதனை வற்புறுத்தினர். ஆயின் அவர்கள் எழுதிய கேர்னல் பகுதி அதிகாரபூர்வக் கேர்னலில் ஒருபோதும் இடம்பெறவில்லை. வெளியே நின்ற அத்திட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பத்தாண்டுக்கு மேல் கழிந்து, 2009 இல் வெளிவந்த 2.6.29 ஆம் கேர்னலிலே, திரையின் நிலையைக் கேர்னலே அமைக்கும் கே.எம்.எஸ். என்னும் முறை நுழைந்தது. வடிவம் வேறு, அடிப்படைக் கருத்து ஒன்றே. கருத்து வென்றது, அதை முன்னர்ச் சொன்னவர்கள் வெல்லவில்லை. இடைப்பட்ட காலத்திலே நிகழ்ந்தது என்ன? திரைச் சில்லுகளை விற்கும் நிறுவனங்கள் லினக்ஸில் நேரடி நலன் காணத் தொடங்கின, கே.எம்.எஸ். முதலில் வந்ததும் இன்ரெல் சில்லுகளுக்கே. சரியான கருத்து நிலைபெறுவதற்கு அதன் சரியான தன்மை மாத்திரம் போதாது. அதைச் சுமக்கும் பொருளாயத வலிமையும் வேண்டும்.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து ஒரு வழி பிறந்தது. அமிகா, அட்டாரி ஆகிய கணினிகளில் வி.ஜி.ஏ. போன்ற எழுத்துத் திரையே இல்லை. அங்கே லினக்ஸைக் கொண்டுசென்றோர் ஒவ்வோர் எழுத்தையும் படமாகவே வரைய நேர்ந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பிரேம்பஃபர் முறை. திரையின் புள்ளிகள் யாவும் ஒரு கோப்பைப் போலத் தோன்றும். அதில் எழுதினால் திரையில் தோன்றும். 1998 இல் இம்முறை பொதுக் கேர்னலின் வளர்ச்சித் தொடரிலே சேர்க்கப்பட்டு, 1999 ஜனவரியில் வெளிவந்த 2.2 ஆம் பதிப்பின்வழி யாவர்க்கும் கிட்டியது. கணினி எழும்போது திரையின் மேற்புறத்தே தோன்றும் பென்குயின் பறவையை எமது மாணவர் பலர் கண்டிருப்பர். அது இம்முறையின் அடையாளமே.

எஸ்விஜிஏலிப்பின் பிற்காலத்தை இவ்விடத்து நோக்குதல் தகும். பிற்காலத்தில் அதனைப் பேணிய மதான் சிவ்-ஆவ், 1.9 ஆம் தொடரிலே பழைய முரண்பாட்டைத் தீர்க்க முயன்றார். வன்பொருளைத் தொடும் பகுதி ஒரு தனிக் கேர்னல் கூறாக்கப்பட்டது. ஆயின் அக்கூறு கேர்னலின் மூலநிரலுக்கு வெளியே நின்றது. லினக்ஸ் கேர்னலைப் பற்றி ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். வெளியேயுள்ள செய்நிரல்களோடு அது கொண்ட உடன்பாட்டை எளிதில் முறிப்பதில்லை; தன் உள்ளமைப்பையோ விரும்பியபடி மாற்றும். மாற்றுபவரே உள்ளேயுள்ள கூறுகள் யாவற்றையும் அதற்கேற்பத் திருத்திவிடுவர். வெளியே நிற்கும் கூற்றைத் திருத்துவார் எவருமிலர். அதன் உரிமையாளரே ஒவ்வொரு பதிப்புக்கும் உழைத்தல் வேண்டும். 2005 இல் 1.9.25 ஆம் வெளியீடு வந்தது. அதன்பின் அந்நிரலகம் அசைவற்றுப் போயிற்று. வன்பொருளும் அதனைக் கைவிட்டது. 64 பிற்று முறையிலே பழைய திரை நிரல்களை நேரே ஓட்டும் வசதி அற்றது. பின்னர் வந்த யு.இ.எஃப்.ஐ. இயந்திரங்களில் பழைய வி.ஜி.ஏ. பயோஸின் துணையும் படிப்படியாக மறைந்தது.

தொண்டர்களின் கையிலிருந்தமையால்தான் அது அழிந்தது என எவரேனும் கூறின், டிரெக்ட் எஃப்.பி. என்னும் நிரலகத்தின் கதையை அவர்க்கு நாம் காட்டலாம். 2000 ஆம் ஆண்டையொட்டி, பேர்லினிலுள்ள ஒரு நிறுவனத்திலே, பிரேம்பஃபரை அடிப்படையாகக் கொண்டு அது எழுந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளின்மேல் வைக்கும் அலைவாங்கிப் பெட்டிகளிலே அது பெரிதும் வழங்கியது. 2007 இல் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பின் வரைகலை நிறுவியும் அதன்மீதே இயங்கிற்று. 2011 இல் வந்த பதிப்பிலே எக்ஸ் முறைமை அதன் இடத்தைப் பெற்றது. தொழிற்றுறையின் தேவை வேறு திசையிற் சென்றதும் டிரெக்ட் எஃப்.பி.யும் தளர்ந்தது. 2015 இன் பின் அதன் மூலத் திட்டம் மௌனமாயிற்று. பின்னாளில் தன்னார்வலர் சிலர் அதனை வேறு பெயரில் எடுத்து நடத்த முற்பட்டனர். தொண்டு களைப்படையும்; மூலதனமோ களைப்படைவதில்லை, இலாபம் இல்லாத இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவே.

பிரேம்பஃபர் முறையும் இத்தகையதொரு நெருக்கடியைச் சந்தித்தது. 2015 இல் அப்பகுதியைப் பேணியவர், புதிய இயக்கிகளை இனி இங்கே சேர்க்க வேண்டாம், டி.ஆர்.எம். என்னும் புதிய முறையிலேயே எழுதுக என அறிவித்தார். 2020 செப்டெம்பரில், மேலேறி மறைந்த வரிகளைத் திருப்பிப் பார்க்க உதவிய நிரலை டோர்வால்ட்ஸ் தாமே நீக்கினார். அதில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. அவற்றோடு போராடுவதற்கு எவரும் முன்வரவில்லை. கொன்சோலையே முதன்மையாகக் கொண்டு கணினியைப் பயன்படுத்திய காலம் போய்விட்டது என்பது அவர் கூறிய காரணம். சிறிது காலத்தில் அப்பகுதி முழுவதும், பேணுவார் இல்லாதது என்ற பொருளில், கேர்னலின் பட்டியலிலே ‘அநாதை’ எனக் குறிக்கப்பட்டது.

2022 ஜனவரியில் ஹெல்கே டெல்லர் அப்பொறுப்பைத் தாமாக ஏற்றார். அருகிவிட்ட பி.ஏ. றிஸ்க் இயந்திரங்களுக்கான லினக்ஸையும் பேணி வருபவர் அவர். பழைய இயந்திரங்களிலே திரை விரைந்து உருளுவதற்கு உதவிய, முந்திய ஆண்டுகளில் முடக்கப்பட்டிருந்த நிரலை அவர் மீட்டார். டி.ஆர்.எம். பகுதியினர் சிலர் இதனை விரும்பவில்லை, விவாதம் எழுந்தது. பழையதைச் சுமப்பதால் புதியதன் நடை தளரும் என்பது அவர்தம் வாதம். அதிலும் நியாயமில்லாமலில்லை. பயனற்ற நிரல் ஒவ்வொன்றும் பகைவர் நுழையக்கூடிய சாளரமே. எனினும் பயனுள்ளது எது, பயனற்றது எது என்பதைப் புதிய இயந்திரம் வைத்திருப்போர் மாத்திரம் தீர்மானித்தல் தகுமா? இவ்வினாவை எழுப்பும் ஆற்றல் ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் இருந்த ஒருவர்க்கே வாய்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

இனி எமது வினாவுக்கு நேரே விடை கூறலாம். எஸ்விஜிஏலிப் பேணப்படவில்லை. ஜி.ஜி.ஐ.யின் நிலையும் அதுவே. டிரெக்ட் எஃப்.பி.யின் மூலத் திட்டம் முடிந்தது. எழுத்துகளையே கோத்துப் படமாக்கிக் காட்டிய ஏஏலிப் 2001 ஆம் ஆண்டு வெளியீட்டோடு நின்றது. பிரேம்பஃபர் பேணப்படுகின்றது, புதிய டி.ஆர்.எம். இயக்கிகளும் பழைய நிரல்களுக்காக அதன் முகத்தைப் போலியாகவேனும் காட்டுகின்றன. 1998 இல் பிறந்த எஸ்.டி.எல். உயிரோடிருக்கின்றது. ஆயின் பழைய தோழர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டே அது பயணஞ் செய்தது. அதன் 1.2 ஆம் பதிப்பு எஸ்விஜிஏலிப்பையும் ஆதரித்தது. 2013 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இல்லை. 2025 இல் நிலைபெற்ற மூன்றாம் பதிப்பில் டிரெக்ட் எஃப்.பி.யும் இல்லை. கொன்சோலில் வரைய விரும்புவோர்க்கு இன்று கே.எம்.எஸ். வழியே அது இடங்கொடுக்கின்றது. எழுத்துத் திரையை ஆளும் என்கேர்சஸ் நிரலகமோ 1980களின் தொடக்கத்துப் பழைய நிரலில் வேர்கொண்டது. 1990களின் பிற்பகுதி தொட்டு தொமஸ் டிக்கி அதனைப் பேணி வருகின்றார்; 2024 ஏப்ரலில் அதன் 6.5 ஆம் பதிப்பு வந்தது. உலகெங்குமுள்ள எண்ணிறந்த கணினிகள் அதன்மீது நிற்கின்றன.

இவ்விவரங்களைத் தொகுத்து நோக்கின், வயது முதிர்ந்தமையால் எதுவும் இறக்கவில்லை என்பது கண்கூடு. என்கேர்சஸ் எஸ்விஜிஏலிப்பினும் முதியது. உழைப்பு நிலைத்த இடத்தில் முதியதும் வாழ்கின்றது. உழைப்பு அகன்ற இடத்தில் இளையதும் மடிகின்றது. பொது உரிமம் திருத்தும் உரிமையை யாவர்க்கும் வழங்கியது. அது மாபெரும் வெற்றி, மறுத்தற்கில்லை. ஆயின் உரிமை தானே உழைக்காது. நிலம் பொதுவானால் மாத்திரம் பயிர் விளைவதில்லை.

தனியொருவரின் தோளில் பொதுச் சொத்தை ஏற்றிவைப்பதன் ஆபத்தை உலகம் அண்மையில் இருமுறை கண்டது. 2014 இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலகத்தின் பெரும் பிழை வெளிப்பட்டபோது, இணைய வணிகமெல்லாம் ஒரு சிலரின் உழைப்பின்மீது நின்றமை தெரியவந்தது. 2024 மார்ச்சிலே எக்ஸ்.இசட். என்னும் சுருக்கு நிரலகத்தில் மறைவான வாயிலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. நெடுங்காலம் ஊதியமின்றித் தனியே பேணி வந்தவர் களைத்திருந்த வேளையில், உதவ வந்தவர் போல வந்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் பெயராலேயே அது நுழைந்தது. வீட்டைக் காப்பவனை உறங்கவிடாது வாட்டிவிட்டு, பின்னர் திருடன் நுழைந்ததற்கு அவனையே நோவதில் நீதியில்லை.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள், நமக்கு இவற்றால் ஆவதென்ன எனக் கருதுவோரும் உளர். தமிழைக் கொண்டே அவர்க்கு விடை கூறலாம். லினக்ஸ் கொன்சோலின் எழுத்துரு 512 உருவங்களுக்கு மேற்படாது. எமது நெடுங்கணக்கோ 247. ஆதலின் அடங்குமே எனத் தோன்றும். ஆயின் யுனிகோட் முறையிலே ‘கொ’ என்னும் எழுத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்றல் வேண்டும். கொன்சோல் ஒவ்வொரு குறியையும் தனித்தனிக் கட்டத்தில் வைக்கவே அறியும். எழுத்துகளை முறையாகக் கோக்கும் ஹார்ப்பஸ் என்ற நிரலகம் வேறிடத்தில் உண்டு. பெரிய உலாவிகளும் கைத்தொலைபேசிகளும் அதனைப் பயன்படுத்துவதால் அது நன்கு பேணப்படுகின்றது. அதனைக் கொன்சோலின் புள்ளித் திரையோடு இணைத்தால் தமிழ் அங்கும் செம்மையாகத் தோன்றும். தொழில்நுட்பத் தடை பெரிதன்று. இணைப்பதில் எவர்க்கும் இலாபமில்லை என்பதே தடை. ஆதலின் சாளர முறைமை எழாது வீழ்ந்த பழைய கணினியின் முன்னிருக்கும் மாணவனிடம், பிழை இன்னதெனக் கொன்சோல் தமிழிலே சொல்ல இயலாதிருக்கின்றது. இயந்திரம் நோயுறும்போது தன் மொழியில் அதன் நோவைக் கேட்க இயலாதவன், என்றும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்பான்.

எமது ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது என்ன? ஒரு நிரலகத்தைக் கையாளும் முன்னர் அதன் கடைசி வெளியீடு எப்போது வந்தது, அறிவிக்கப்பட்ட பிழைகளுக்கு விடையளிப்பார் உளரா, அது கேர்னலின் உள்ளே நிற்கின்றதா வெளியே நிற்கின்றதா, அதைப் பேணுவோர்க்கு ஊதியம் அளிப்பவர் யாவர் என்பவற்றை ஆராயும் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்டலாம். மூலநிரலைப் பயன்பொருளாக மாத்திரமன்றிப் பாடநூலாகவும் கொள்ளலாம். புதியதொன்றை ஆக்கினால்தான் புகழ் என்ற எண்ணத்தை விடுத்து, ஒரு பிழையறிக்கையைத் தெளிவாக எழுதுவதும், ஒரு பழைய நிரலைப் புதிய கேர்னலுக்கு ஏற்பத் திருத்துவதும் அறிவுலகப் பணிகளே என மதித்து அவற்றுக்குப் புள்ளி வழங்கலாம். அன்றியும் இவ்வுழைப்பு தனிமனிதரின் தியாகமாகவே என்றும் இருத்தலாகாது. பொதுச் சொத்தினால் பயனடையும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அதற்குரிய ஊதியத்தை ஏற்றல் வேண்டும் எனக் கோருவதும் எமது கடமை.

ஒரு நிரலகம் இன்னும் பேணப்படுகின்றதா என்று கேட்பவர் அதன் பயனாளர்களுள் ஒருவர் என்பதை மறத்தலாகாது. அவ்வினாவின் விடையில் அவர்க்கும் ஒரு பங்குண்டு. மாரி நெருங்குகையில் குளக்கட்டைப் பார்த்துவரச் செல்பவன் வெறுங்கையோடு செல்வதில்லை. மண்வெட்டியையும் தோளில் வைத்துக்கொண்டே செல்கின்றான்.